கடிதத்தின் வலது மேல் மூலை

"எல்லாத்தையும் எழுதுங்க சேர், அட்ரஸ மட்டும் போடாதீங்க" என்றார் அந்த அம்மா.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் அவர். கொட்டகலை டவுனுக்குக் கிட்ட ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் பென்ஷன் எடுத்த ஒரு டீச்சர். கணவர் இல்லை, பிள்ளைகள் கனடாவில். விலை பேசச் சிலர் போயிருந்தார்கள். அவர்கள் சொன்ன தொகைகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை. "ஏன் இந்த வீடு வேணும்னு ஒரு கடிதம் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, வாசிச்சுப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று டீச்சர் தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கணவர் கூடவே நின்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடாம். அது நல்ல கையில் போய்ச் சேரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை. ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்து வைத்து, வழக்கம்போல வலது மேல் மூலையில் பேனாவை வைத்தேன். அப்போதுதான் அந்த அம்மா அப்படிச் சொன்னார். மூலையை அப்படியே விட்டுவிட்டுத் திகதியை மட்டும் கீழே போட்டேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு, தன்னுடைய ஈ.பி.எஃப். பணம், மகன் கொழும்பில் கடையில் நின்று கட்டிய சீட்டு, எல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் தொகை என்று எழுதச் சொன்னார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம் என்று எழுதச் சொன்னார். முற்றத்துப் பேரி மரத்தை வெட்டமாட்டோம் என்று எழுதச் சொன்னார். "இப்ப எங்க குடியிருக்கீங்கன்னு எழுதவா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "வேணாம் சேர். தோட்டம்னு தெரிஞ்சா வேற மாதிரி பாப்பாங்க."

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வீடு பிறகு வேறொருவருக்குப் போனது. விலையாலா, கடிதத்தாலா, வேறெதனாலா என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் அந்தக் கடிதத்தை வாசித்தாரா என்பதும் தெரியவில்லை. நடந்தது இவ்வளவுதான். பெரிய அநியாயம் என்று யார்மேலும் பழி போட முடியாத ஒரு சின்னச் சம்பவம். ஆனால் எழுதாமல் விட்ட அந்த மூலை மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்த அம்மாவுக்கு ஏன் வீடு வேண்டும்? அதற்கு ஒரே ஒரு உண்மையான பதில்தான் உண்டு: நாலு தலைமுறையாக எங்களுக்கென்று ஒரு வீடு இருந்ததில்லை. அவர் பிறந்தது, ஆளானது, வாழ்க்கைப்பட்டது, பிள்ளை பெற்றது எல்லாம் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில். பள்ளிக்கூடம் பக்கம், பேரி மரம் அழகு என்பதெல்லாம் யாரும் எழுதக்கூடிய காரணங்கள். நாலு தலைமுறைக் காத்திருப்பு அவர் மட்டுமே எழுதக்கூடிய காரணம். அதை எழுதியிருந்தால் டீச்சரின் மனம் இளகியிருக்கலாம். அதே வரி கதவைச் சாத்தியும் இருக்கலாம். அவருக்கு ஆதரவாகப் பேசக்கூடிய உண்மையும் அவருக்கு எதிராகப் பேசக்கூடிய உண்மையும் ஒன்றாகவே இருந்தன. இரண்டில் எது முந்தும் என்பதை அவர் தன் ஆயுள் அனுபவத்தில் கணித்துத்தான் அந்த மூலையை மூடி வைத்தார்.

சட்டத்தின் கண்ணில் அந்தக் கடிதத்துக்குப் பெறுமதி எதுவுமில்லை. இந்த நாட்டில் காணி பூமி கைமாறுவதற்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகள் பார்த்திருக்க, உறுதியில் கையெழுத்து விழவேண்டும். வாய்ப்பேச்சும் வாக்குறுதியும் கடிதமும் செல்லாது. அப்படியிருந்தும் அந்த ஒரு தாளை எழுத அந்த அம்மா எவ்வளவு பாடுபட்டார்! ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொன்னார். "கெஞ்சுற மாதிரி இருக்குதா சேர்?" என்று இடையில் ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். கெஞ்சுகிற மாதிரி இல்லைதான். ஆனால் காசு கொடுத்து வாங்க வந்த ஒருவர், தான் கெஞ்சவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள ஏன் கேட்டுப் பார்க்கவேண்டும்?

முகவரி என்ற ஒன்றைப் பற்றி யோசித்தால் நான் சிறுவனாக இருந்த காலத்துக்குப் போய்விடுகிறேன். எங்கள் லயத்தில் எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான். அந்த வயதிலேயே நான் லயத்துக்குக் கடிதம் எழுதுகிறவனாகிவிட்டேன். அது ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி நாடற்றவர்களாக இருந்த எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, பலர் நீலகிரிக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய டேன்டீ தோட்டங்களில் மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம்.

அவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் தோட்டத்துப் பெயருக்குத்தான் வரும். தபால் பை ஆபீசுக்குப் போகும். ஆபீசில் பிரித்து, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். கடிதம் யாருக்கென்று தெரியாமல் கை மாறிக் கை மாறிப் போகும். சில சமயம் உரியவர் கையில் வரும்போது உறை திறந்திருக்கும். லயத்துக்கு இலக்கம் உண்டு. ஆனால் அது தோட்டத்து ஆபீசின் கணக்குக்காக. அந்த இலக்கத்தைத் தேடிக்கொண்டு வெளியிலிருந்து எந்தத் தபால்காரரும் வந்ததில்லை. இன்றைக்கும் பல தோட்டங்களில் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் பரீட்சை முடிந்தபிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகளின் கதை மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் அத்தை கூடலூரிலிருந்து எழுதிய கடிதங்களில் ஒன்று இப்போதும் நினைவில் நிற்கிறது. நலம் விசாரித்து, மழை பனி சொல்லி, ஆடு குட்டி போட்டதைச் சொல்லி, கடைசியில் எழுதியிருந்தார்: இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்கள். அதை வாசித்துக் காட்டியபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. இங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே எங்களைத் தனியாகப் பிரித்து இந்தியத் தமிழர் என்று ஏட்டில் எழுதிவிட்டார்கள். அத்தை அங்கேயும் அப்பா இங்கேயும் வேறொரு ஊரின் ஆட்களாகவே இருந்தார்கள். அத்தைக்கு நான் எழுதிய பதிலின் வலது மேல் மூலையில் தோட்டத்தின் பெயரைத்தான் போட்டேன். போட வேறு ஒன்றும் இருக்கவில்லை.

தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது, பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பத்தின் காகிதங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களுக்கு அடுத்த வருடம் இன்னொரு சட்டம் வந்தது. இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்பு, கல்யாணம் கட்டியவராக இருந்தால் 7 வருடமும் கட்டாதவராக இருந்தால் 10 வருடமும் விடாமல் இங்கேயே குடியிருந்ததை நிரூபிக்கவேண்டும். எப்படி நிரூபிப்பது? வீட்டு வரிச்சீட்டு இல்லை, காணி உறுதி இல்லை. தோட்டத்து ஆபீஸ் கொடுக்கும் காகிதந்தான். பிறந்ததிலிருந்து ஒரே மலையில் வாழ்ந்த மனிதருக்கு, அந்த மலையில்தான் வாழ்ந்தார் என்று இன்னொருவர் எழுதித் தரவேண்டியிருந்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் திம்புள்ள மலைகளுக்குப் பக்கத்திலேதான் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டம். அங்கே பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். அவருக்கு வாக்குப் போட்டவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் அடுத்த தேர்தலுக்குள் வாக்காளர் இடாப்பிலிருந்து போய்விட்டன. எழுத்தாளரும் உறுப்பினருமான ஒருவருக்கே தன் மக்களின் பெயர்களைப் பட்டியலில் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி பெரும்பாலும் தீர்ந்தது 2003இல். அதன்பிறகும் முகவரிப் பிரச்சினை தீரவில்லை.

வாலிப வயதில் தோட்டத்து வரலாறு பற்றிய ஒரு நூலை வாசித்தேன். நூலின் பெயர் மறந்துவிட்டது. அதில் வந்த துண்டு முறை மறக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைக்கிறவர் கையில் துண்டு இருக்கவேண்டும். துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று அதில் இருக்கும். புதிய தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கைமாறும். கப்பல் கூலியிலிருந்து தொடங்கிக் கங்காணி கணக்கில் ஏறிய கடன் ஆளோடு சேர்ந்தே மலை மலையாக நடந்தது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

எனக்கு உறைத்தது கடனைவிட அந்தச் சீட்டுத்தான். எங்கள் ஆட்கள் குடியிருக்கும் இடம் மாறுவதற்காக எழுதப்பட்ட முதல் கடிதங்கள் அவை. அவற்றில் ஆளின் கதை இல்லை, விருப்பம் இல்லை, பிள்ளைகள் இல்லை. இவர் எவ்வளவு பெறுவார் என்பது மட்டும் இருந்தது. வேறொருவர் எழுதினார், வேறொருவர் வாசித்தார், நடுவில் நின்றவருக்கு வாசிக்கவும் தெரியாது. அதோடு ஒப்பிட்டால் அந்த அம்மா என்னைக் கொண்டு எழுதுவித்தது எவ்வளவு பெரிய மாற்றம்! தன் காசு, தன் காரணம், தன் கையெழுத்து. அப்படி நினைத்துத் திருப்திப்படலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. துண்டில் எந்தத் தோட்டத்து ஆள் என்பது வெளிப்படையாகவே இருந்தது. நூறு வருடம் கழித்து எழுதிய கடிதத்தில் அதே விஷயத்தை மறைத்தால்தான் வழி பிறக்கும் என்று ஒருவர் நினைக்கிறார்.

இதில் என் மனம் ஆறாத இன்னொன்று உண்டு. திம்புள்ள என்ற பெயரைத் தேயிலைப் பெட்டியின்மேல் போட்டால் உலகச் சந்தையில் அதற்கு மதிப்பு. தை, மாசி, பங்குனியில் இந்த மேற்குச் சரிவுகளில் குளிர்ந்து வறண்ட காற்று வீசும்போது பறிக்கிற கொழுந்துக்கு ஏலத்தில் தனிக் கிராக்கி. எந்த மலை, எந்தத் தோட்டம் என்று வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். முகவரி தெரிந்தால் தேயிலைக்கு விலை ஏறுகிறது. அதைப் பறித்த விரல்களின் சொந்தக்காரர் அதே முகவரியை எழுதப் பயப்படுகிறார்.

பயம் காரணமில்லாததா? கொழும்பு வெள்ளவத்தையில் அறை தேடிப் போகும் எங்கள் பையன்களிடம் முதலில் கேட்கிற கேள்வி, தம்பி எந்த ஊர் என்பதுதான். ஹட்டன் என்பார்கள், நுவரெலியா என்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்கிறவன் குறைவு. கேட்கிறவரும் தமிழர், சொல்கிறவனும் தமிழன். நடுவில் இருப்பது இனமல்ல, லயம். கொட்டகலை டீச்சரும் தமிழ்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம், எனக்குச் சந்தேகமில்லை. அந்த அம்மா அஞ்சியது அவரையல்ல. இதுவரை தன்னை ஒரு மாதிரிப் பார்த்த எல்லாக் கண்களையும் அஞ்சினார்.

இலங்கை அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை இதைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடைகளுக்குள், உணவகங்களுக்குள், ஹோட்டல்களுக்குள், பொதுக் களியாட்ட இடங்களுக்குள், தன் மதத்து வணக்கத் தலங்களுக்குள் போக ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கிறது. நல்ல பட்டியல். வீடு வாங்குவது அதில் இல்லை. தேத்தண்ணீர்க் கடை வாசலில் ஒருவரைத் தடுத்தால் கேட்க ஒரு வரி இருக்கிறது. வீட்டு வாசலில் தடுத்தால் அப்படி ஒரு வரி இல்லை.

அமெரிக்காவில் இந்த விஷயம் நேரடியாகவே வழக்காகியிருக்கிறது. வீடு வாங்குகிறவர்கள் விற்பவருக்கு உருக்கமாகக் கடிதம் எழுதுவது அங்கே பெரிய வழக்கம். குடும்பப் படத்தையும் சேர்த்து அனுப்புவார்களாம். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள், இனம் மதம் பார்த்து வீட்டை மறுக்கக்கூடாது என்ற சட்டம் அங்கே வந்தது. கடிதம் அந்தச் சட்டத்துக்குப் பின்கதவு திறந்துவிடுகிறது என்பது பிற்பாடுதான் பலருக்கு உறைத்தது. கிறிஸ்மஸ் காலையில் எங்கள் பிள்ளைகள் உங்கள் மாடிப்படியில் ஓடி இறங்குவதைக் கற்பனை செய்கிறோம் என்று ஒருவர் எழுதினால் போதும். அவருக்குப் பிள்ளைகள் இருப்பதும் அவருடைய மதமும் அதிலேயே வந்துவிடுகின்றன. வீட்டு முகவர்களின் சங்கமே இந்த உதாரணத்தைக் காட்டித் தன் அங்கத்தவர்களை எச்சரித்தது. ஓரிகன் மாநிலம் 2021இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அப்படிப்பட்ட கடிதங்களை விற்பவரிடம் சேர்க்கவேண்டாம் என்று முகவர்களுக்குச் சொன்னது. 2022 மார்ச்சில் சமஷ்டி நீதிமன்றம் அந்தச் சட்டத்தை இடைநிறுத்தியது. பேச்சுரிமையைப் பறிக்கிறது என்பது காரணம்.

இதை அறிந்தபோது முதலில் ஓரிகன் பக்கம்தான் சாய்ந்தேன். கடிதமே வேண்டாம். இவ்வளவு விலை, இன்ன திகதிக்குள் காசு, முடிந்தது. ஆள் யார், ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்பது விற்கிறவருக்கு எதற்கு? சந்தையில் காசுக்கு ஊர் கிடையாது. அந்த அம்மாவின் ரூபாயும் கொழும்புக்காரர் ரூபாயும் ஒன்றுதான்.

ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதுவும் இடிக்கிறது. 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாகியது. அதற்கு முன் 1,000 ரூபா. டவுன் ஓரத்தில் ஒரு பேர்ச் காணி இலட்சக் கணக்கில் போகிறது. காசு மட்டுமே பேசட்டும் என்றால் அந்த அம்மாவின் குரல் எப்போதும் தாழ்ந்தே கேட்கும். கடிதம் ஒன்றுதான் ஐம்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்க வசதியிருப்பவரோடு அவரைச் சமமாக நிறுத்தக்கூடியது. பேரி மரத்தை வெட்டமாட்டேன் என்று ஒருவர் சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறதென்று நம்புகிற டீச்சர் மாதிரி ஒருவர் இருப்பது நல்லதல்லவா? வீட்டை வெறும் சதுர அடியாகப் பார்க்காத மனம் அது. அந்த மனத்தையும் சட்டம் போட்டுச் சாத்திவிட்டால் மிஞ்சுவது என்ன?

டீச்சரின் மனம் நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்தார்கள். அதில் முற்கொள்வுரிமை என்ற ஒன்று உண்டு. காணியை விற்க நினைக்கிறவர் உறவினருக்கும் பங்காளிக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாருக்கு. பிற்காலத்தில் சட்டத்தால் அதைச் சுருக்கினாலும், நிலம் காசுக்காக மட்டும் கைமாறுகிற பண்டமல்ல என்ற எண்ணம் தமிழர் வழக்கத்திலேயே இருந்திருக்கிறது. அது அழகான எண்ணம் என்று நினைத்திருந்தேன். இப்போது அதையே மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். யாருக்கு முதலில் என்று ஒரு வழக்கம் சொல்லும்போது, யாருக்குக் கடைசியில் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. காணியே இல்லாத ஆட்களுக்குப் பங்காளி என்று ஒருவரும் இல்லை. எந்த வரிசையிலும் அவர்களுக்கு முன்னிடம் கிடையாது.

அப்படியானால் பிரச்சினை கடிதத்தில் இல்லை, அதற்கும் முன்னால் இருக்கிறது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. மண் அரசாங்கத்திடமே இருந்தது. இரண்டு தடவையும் லயத்தில் இருந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். அண்மைய வருடங்களில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பின. இந்திய உதவியில் 4,000 வீடுகள், பிறகு 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இன்னும் 10,000 என்ற அறிவிப்பு. வந்தவை நல்லவை. 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஓர் ஏக்கரில் வழிக்கும் வாய்க்காலுக்கும் இடம் விடாமல் கணக்குப் பார்த்தாலும் இருபத்திரண்டு குடும்பம். ஆயிரக் கணக்கான ஏக்கர் தேயிலையைப் பராமரித்தவர்களுக்கு அது பெரிய கோரிக்கையல்ல. ஆனாலும் பலருடைய கையில் இன்னும் உறுதி இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் பற்றிய எச்சரிக்கை வருடங்களுக்கு முன்பே இருந்தது. போவதற்கு வேறு இடம் இருந்திருந்தால் அங்கே ஏன் இருந்திருக்கப் போகிறார்கள்? காணி உரிமையாகக் கிடைத்திருந்தால், அந்த அம்மா கொட்டகலை வீட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வலது மேல் மூலையில் எழுத அவருக்கென்று ஓர் இலக்கம் இருந்திருக்கும். தான் எங்கிருந்து வருகிறேன் என்று சொல்வதில் அவருக்குக் கூச்சம் இருந்திருக்காது.

இருந்திருக்காதா? அங்கேயும் சந்தேகம் வருகிறது. சொந்த வீடு கட்டி, உறுதி வாங்கி, ஆசிரியராகி, அதிகாரியாகி, கொழும்பில் குடியேறியவர்களும் ஊர் எது என்ற கேள்விக்கு ஹட்டன் என்று நிறுத்திக்கொள்வதைப் பார்க்கிறேன். காணி வந்தாலும் கூச்சம் போக இன்னொரு தலைமுறை வேண்டுமோ என்னவோ. அல்லது கூச்சம் போனால்தான் காணி கேட்கும் குரல் உரத்து வருமோ. எது முதல், எது பின் என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மா செய்தது பொய்யா என்றும் யோசித்தேன். அவர் எழுதச் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சொல்லாமல் விட்டதும் அவருடைய உரிமை. வாங்குகிறவர் தன் வாழ்க்கை முழுவதையும் விற்கிறவர் முன்னால் விரித்து வைக்கவேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்ல ஒருவருக்கு ஒரே ஒரு தாள் கிடைத்திருக்கும்போது, தன் ஊரை அதில் விட்டுவிட நேர்வது நல்ல சமூகத்தின் அடையாளமில்லை. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

மற்றதில் சந்தேகம் இருக்கிறது. விற்கிறவருக்கு மனத்தைத் திறந்து கடிதம் எழுதலாமா, எழுதக்கூடாதா? எழுதலாம் என்றால் நல்ல கதை உள்ளவரும் நன்றாக எழுதத் தெரிந்தவரும் எழுதிக் கொடுக்க ஆள் உள்ளவரும் வெல்வார்கள். எழுதக்கூடாது என்றால் காசுள்ளவர் மட்டுமே வெல்வார். இரண்டையும் தூக்கிப் பார்க்கிறேன், ஒரு நாள் ஒன்று கனக்கிறது, இன்னொரு நாள் மற்றது. நாளைக்கு இன்னொருவர் வந்து எழுதித் தரச் சொன்னால் எழுதிக் கொடுப்பேன். அது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

விற்கிறவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் உரிமை. ஆனால் இன்ன ஆட்களுக்குக் கொடுப்பதில்லை என்று மனத்துக்குள் ஒரு பட்டியல் இருந்தால் தயவுசெய்து கடிதம் கேட்காதீர்கள். கேட்டால், காசைப் பற்றியும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைப் பற்றியும் மட்டும் கேளுங்கள். வந்த கடிதத்தை வாசியுங்கள். கொடுக்க முடியாமற் போனால், ஏன் என்று ஒரு வரி பதில் எழுதி அனுப்புங்கள்.